மூன்றாம் பிணம்

மாநகர மண்டபத்துக் குவிமாடத்தின் கீழே
பதினொரு பேர் நின்றோம், மஞ்சள் குடைக்காரியைச் சுற்றி.
ப்ரோன்வின் என்று பெயர். சரித்திரம் படிக்கிறாளாம்.
சனி ஞாயிறில், சரித்திரம் போல நடித்த இடங்களைக் காட்டுகிறாள்.
தலைக்கு இருபத்தெட்டு டொலர். மழைக்குத் தள்ளுபடி கிடையாது.

கிங்ஸ்டன் முழுக்கச் சாம்பல் சுண்ணாம்புக்கல்.
எந்த வேஷமும் பொருந்திவிடும்.
"இந்தத் தெரு இரண்டாம் பருவத்தில் டப்ளின்,
நாலாவதில் பொஸ்டன்.
ஒரே ஒருமுறை, காசு பற்றாமல், கிங்ஸ்டனாகவே நடித்தது."
சட்பரியிலிருந்து வந்த தம்பதி சிரித்தார்கள்.
தொடரில் நீதிபதி மனைவி போர்த்திய அதே பச்சைச் சால்வையை
அந்த அம்மா தானே பின்னிப் போர்த்தியிருந்தாள்;
ஓரத்தில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது.

வங்கிக் கதவு. கதவு மட்டும்தான்,
உள்ளே நடந்ததெல்லாம் ரொறன்ரோவில் ஒரு ஸ்டூடியோ.
குதிரை லாயம் இப்போது பல் வைத்தியர்.
பார்க்கிங் மீட்டரை மறைக்க வைத்த பீப்பாய்
எங்கே இருந்ததென்று குடை நுனியால் தொட்டுக் காட்டினாள்;
இல்லாத பீப்பாயை எல்லாரும் படம் எடுத்தோம்.

பிறகு, பிராக் தெருவுக்குப் பின்னால் அந்தச் சந்து.

"மூன்றாம் பருவம், ஐந்தாம் பகுதி. காய்ச்சல் இரவு.
முதல் பிணம் கப்பல்காரன். அடுத்தது ரொட்டிக்கடைப் பையன்.
மூன்றாவது…" காகிதத்தைப் பார்த்தாள்.
"மூன்றாவதுக்குப் பெயரில்லை."

மூன்றாவது நான்.

நவம்பர். இரவு பத்திலிருந்து விடிய ஐந்து வரை.
மருந்தகத்தில் வேலை முடிந்து நேரே போயிருந்தேன்.
நூற்று எண்பத்தாறு டொலர், ஒரு கிண்ணம் சூப்.
முதலில் வானத்தைப் பார்த்துத்தான் கிடந்தேன்.
உதவி இயக்குநன் குனிந்தான், நிமிர்ந்தான்,
யாரிடமோ போய்ப் பேசினான்,
திரும்பிவந்து மிக மரியாதையாக
சுவர்ப்பக்கம் ஒருக்களிக்கச் சொன்னான்.
அந்தக் காலத்தில் இந்தச் சந்தில் இந்த முகம் இருந்திருக்காதாம்.
முதுகுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அதனால் எனக்குச் சுவரைத் தெரியும்.
கண்ணுக்கு நாலங்குலத்தில், கல்லுக்குள்,
ஒரு நத்தைச் சுருள்.
கடலாய் இருந்தபோது செத்தது.
யாரும் அதைத் திரும்பிப் படுக்கச் சொல்லவில்லை.

"இதே இடம்," என்று குடையை ஊன்றினாள் ப்ரோன்வின்.
இரண்டடி தள்ளி. நான் வாய் திறக்கவில்லை.
சட்பரிக்காரர் ஈரக்கல்லில் மல்லாந்தார்,
நாக்கை வெளியே தள்ளிக்கொண்டு.
மனைவி போனைத் தூக்கினாள்.
அவர் வாயிலிருந்து வெண்ணிறமாக ஆவி பறந்தது.

அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"வாயில் ஐஸ்கட்டி வைக்க வேண்டும்," என்றேன்.
"குளிரில் செத்தவர்களுக்கு மூச்சு தெரியக்கூடாது.
நாக்கை உள்ளே இழுங்கள். இடது கை அடியில் மடங்கட்டும்,
மரத்துப்போகும், பிறகு சரியாகிவிடும்.
இந்தப் பக்கம் நகருங்கள். இன்னும்.
இப்போது சுவரைப் பாருங்கள், நத்தை தெரிகிறதா?"
"தெரிகிறது," என்றது பிணம்.

எப்படித் தெரியும் என்றாள் ப்ரோன்வின்.
"ஒருதரம் இங்கே செத்திருக்கிறேன்."
குடைகளுக்குக் கீழே நல்ல சிரிப்பு.
அவளும் சிரித்தாள்; சிரித்தபடியே
காகித ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து
மருந்தகத்தில் என் பக்கத்துக் கவுண்டர் ஜொஸலின்
தங்கையோடு அந்தச் சுற்றுக்குப் போய்வந்தாள்.
"ஐஸ்கட்டிக் கதை சொன்னாளா?"
"சொன்னாளே! அந்த மூன்றாம் பிணம்
மொன்ட்ரியல் பாலே நடனக்காரியாம்.
ஏழு மணி நேரம் அசையவே இல்லையாம்."

யாருக்கோ இரத்த அழுத்த மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன்.
அறுபதில் எங்கோ தப்பிவிட்டது.
தட்டில் கொட்டி, மறுபடி
ஒன்று, இரண்டு,